பைக்கில் வேண்டாமென்று விட்ட டூ ஸ்ட்ரோக், கப்பலில் எப்படி ஓடுகிறது?

தாராவி 90 அடி ரோட்டில் பைக் கராஜ் வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, இருபது வருஷமா ஆர்எக்ஸ் 100, பழைய சேத்தக் எல்லாம் பிரிச்சு மாட்டுறேன். டூ ஸ்ட்ரோக்குன்னா புகை, பெட்ரோல் குடிக்கும், ஆயில் வேற கலக்கணும். அதான் கம்பெனிக்காரங்களே நிறுத்திட்டாங்க. ஆனா கப்பல்ல வேலை பாக்குற என் மச்சான், உலகத்துலயே பெரிய எஞ்சின் எல்லாம் டூ ஸ்ட்ரோக் டீசல்தான், எண்ணெய் கம்மியா குடிக்கிறதும் அதுதான்ங்கிறான். இது எப்படி? டீசல்லயும் ஆயில் கலப்பாங்களா? பிளக் இல்லாம ரெண்டே ஸ்ட்ரோக்ல எப்படி வேலை முடியும்?"

மச்சான் சொன்னது சரிதான். நான் 26 ஆண்டுகள் கப்பல் எஞ்சின் ரூமில் இருந்தவன். இப்போது செம்பூரில் இருந்துகொண்டு, கப்பல் எஞ்சினியர் ஆவதற்கான ஓரல்ஸ் என்ற வாய்மொழிப் பரீட்சைக்குப் போகும் பையன்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களிலும் பலருக்கு இந்தக் குழப்பம் உண்டு. டூ ஸ்ட்ரோக் என்றதும் பள்ளிப் புத்தகத்தில் பார்த்த பைக் எஞ்சின் படம்தான் மனதில் நிற்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

புகைக்கும் பெட்ரோல் நஷ்டத்துக்கும் காரணங்கள் இரண்டு. காற்றும் பெட்ரோலும் கலந்தே சிலிண்டருக்குள் போவது ஒன்று. அந்தக் கலவையை உள்ளே தள்ள, பிஸ்டனுக்கு அடியில் கிராங்க் சுழலும் அறையான கிராங்க் கேஸையே பம்பாக வைத்துக்கொள்வது இன்னொன்று. கப்பல் டீசலில் இந்த இரண்டுமே கிடையாது. டூ ஸ்ட்ரோக் மேல் விழுந்த பழி, கார்புரேட்டர் மேலும் கிராங்க் கேஸ் மேலும் விழ வேண்டியது என்பதே இத்தனை வருஷ வேலையில் நான் கண்டது.

உங்கள் ஆர்எக்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் மேலே போகும்போது ரீட் வால்வு வழியாகக் கலவை கிராங்க் கேஸுக்குள் வருகிறது. பிஸ்டன் இறங்கும்போது அது அமுங்கி, டிரான்ஸ்ஃபர் போர்ட் என்ற சிலிண்டர் சுவர்த் துளை திறந்ததும் சிலிண்டருக்குள் பாய்கிறது. அதே நேரத்தில் எக்ஸாஸ்ட் போர்ட்டும் திறந்தே இருக்கிறது. பழைய புகையைத் தள்ளிக்கொண்டு வரும் புதுக் கலவையில் ஒரு பங்கு, எரியாமலே சைலன்சருக்குள் போய்விடுகிறது. சைலன்சர் வயிறு பெருத்துப் பின் ஒடுங்கி இருப்பதே, அப்படிப் போனதில் கொஞ்சத்தை அழுத்த அலையால் திருப்பித் தள்ளத்தான். அளவு தெரியாத சைலன்சரை மாட்டினால் இழுவை செத்துப்போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். எவ்வளவு செய்தும் எரியாத பெட்ரோல் வெளியேறுவதை முழுக்கத் தடுக்க முடியவில்லை. கிராங்க் கேஸில் கலவை ஓடுவதால் அங்கே ஆயில் தேக்கி வைக்கவும் வழியில்லை. பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் வழுக்கல் வேண்டுமே, அதற்காக டூ-டி ஆயில் பெட்ரோலோடு போகிறது, கூடவே எரிகிறது. நீலப்புகை அதிலிருந்து வருவது.

டீசலில் சிலிண்டருக்குள் போவது வெறும் காற்று. அதில் கொஞ்சம் எக்ஸாஸ்ட் வழியே தப்பிப் போனால் போகட்டும், எண்ணெய்க் காசு போகவில்லை. சொல்லப்போனால் வேண்டுமென்றே தேவைக்கு அதிகமாகக் காற்றை விட்டு சிலிண்டரைக் கழுவுகிறோம். ஸ்கேவெஞ்சிங் என்று நாங்கள் சொல்வது இந்தக் கழுவலைத்தான். எரிக்கும் எண்ணெய் உள்ளே வருவது, போர்ட்டுகள் மூடி, எக்ஸாஸ்ட் வால்வும் மூடி, பிஸ்டன் உச்சிக்குப் போகும் நேரத்தில். தப்பி ஓட அதற்கு வழியே இல்லை.

ஒரு சுற்றை மெதுவாகப் பார்ப்போம். நிஜமான ஒரு எஞ்சினை வைத்துக்கொண்டு பேசினால் எளிது. மான் பி அண்ட் டபிள்யூ கம்பெனியின் எஸ்60எம்சி. நான் அதிகம் வேலை பார்த்தது இதில்தான். போர், அதாவது சிலிண்டரின் உள் அகலம், 600 மில்லிமீட்டர். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம், 2,292 மில்லிமீட்டர். பிஸ்டனைக் கழற்றிவிட்டால், சிலிண்டரின் உள் உறையான லைனருக்குள் ஓர் ஆள் நிமிர்ந்து நிற்கலாம். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு ஏறத்தாழ 650 லிட்டர். மொட்டைமாடியில் வைக்கும் 500 லிட்டர் தண்ணீர்த் தொட்டி இதைவிடச் சிறியது. முழு வேகம் நிமிடத்துக்கு 105 சுற்று. அந்த ஒரே சிலிண்டர் தருவது 2,040 கிலோவாட், அதாவது 2,700 குதிரைத்திறனுக்கு மேல். உங்கள் ஆர்எக்ஸ் 100 தருவது 11.

பிஸ்டன் உச்சிக்கு வருகிறது. மேலே அடைபட்ட காற்று 100 பாருக்கு மேல் அமுங்கி இருக்கிறது. பைக் டயரில் நீங்கள் அடிப்பது 2 பார் அளவு, ஒப்பிட்டுப் பாருங்கள். அப்படி அமுக்கினால் காற்று சும்மா இருக்குமா? சைக்கிள் பம்பின் அடிப்பக்கம் சுடுகிற அதே கதைதான். இங்கே சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடுகிறது. அந்த நேரம் பார்த்து, சிலிண்டரின் மேல்மூடியான கவரில் இருக்கும் ஃபியூல் வால்வுகள் பல நூறு பார் அழுத்தத்தில் எண்ணெயைப் பனிப்புகையாகப் பீய்ச்சுகின்றன. தொட்டதும் பற்றிக்கொள்கிறது, பிளக்குக்கு வேலையில்லை. அழுத்தம் 140 பார் வரை எகிறுகிறது. 600 மில்லிமீட்டர் அகலப் பிஸ்டன் தலையில் அது எவ்வளவு பாரம் என்று கணக்குப் போட்டால் 400 டன் வரும்.

அந்தப் பாரத்தில் பிஸ்டன் இறங்குகிறது. மூன்றில் இரண்டு பங்குப் பாதைக்கு மேல் இறங்கியதும் கவரின் நடுவில் இருக்கும் ஒரே ஒரு எக்ஸாஸ்ட் வால்வு திறக்கிறது. இது முதலில் திறந்தாக வேண்டும். உள்ளே இன்னும் பல பார் அழுத்தத்தில் சுடுவாயு இருக்கிறது, அது முதலில் டர்போசார்ஜர் பக்கம் இறங்கிப் போக வேண்டும். வால்வு திறக்கத் தாமதமானால், பிஸ்டன் கீழே போர்ட்டைத் திறக்கும்போது அந்த நெருப்புக் காற்று, சுத்தமான காற்று இருக்கும் ஸ்கேவெஞ்ச் பாக்ஸுக்குள் பின்னோக்கிப் பாயும். அங்கே என்ன நடக்கும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பிஸ்டன் இன்னும் இறங்கி, லைனரின் அடியில் சுற்றிலும் வரிசையாக இருக்கும் போர்ட்டுகளைத் திறக்கிறது. வெளியே காத்திருக்கும் காற்று, வளிமண்டலத்தைவிட 2 முதல் 3 பார் கூடுதல் அழுத்தத்தில், உள்ளே புகுகிறது. போர்ட்டுகளை நேராக வெட்டாமல் சாய்த்து வெட்டியிருப்பார்கள். அதனால் காற்று சுவரை ஒட்டிச் சுழன்று, கிணற்றில் நீர் ஏறுவதுபோல் கீழிருந்து மேலாக ஏறி, பழைய புகையைத் தலைக்கு மேல் இருக்கும் வால்வு வழியே தள்ளிவிடுகிறது. அடியில் நுழைந்து உச்சியில் வெளியேறும் இந்த ஒரே திசை ஓட்டத்துக்குப் பெயர் யூனிஃப்ளோ. பிஸ்டன் திரும்பி ஏறி போர்ட்டை மூடுகிறது, சற்றுப் பின் வால்வும் மூடுகிறது, அமுக்கம் ஆரம்பிக்கிறது. அவ்வளவுதான், சுற்று முடிந்தது.

105 சுற்றில் ஒரு சுழற்சிக்கு ஆகும் நேரம் 0.57 வினாடி. போர்ட்டுகள் திறந்திருப்பது அதில் எட்டில் ஒரு வினாடி அளவு. அந்த நேரத்துக்குள் 650 லிட்டர் இடத்தைக் கழுவி, புதுக் காற்றால் நிரப்ப வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் இந்த வேலைக்கு இரண்டு முழு ஸ்ட்ரோக் கிடைக்கிறது. டூ ஸ்ட்ரோக்கின் முழு வித்தையும் இந்த எட்டில் ஒரு வினாடியில் அடங்கியிருக்கிறது என்பேன். "ஒவ்வொரு சுற்றிலும் எரிகிறது, ஆகவே சக்தி ஃபோர் ஸ்ட்ரோக்கைவிடச் சரியாக இரண்டு மடங்கு" என்று பையன்கள் ஒப்பிப்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை. ஸ்ட்ரோக்கின் கடைசிப் பகுதி காற்று மாற்றவே போய்விடுகிறது, அங்கே வேலை கிடைப்பதில்லை.

கவனித்தீர்களா, இந்த எஞ்சினுக்குத் தானாக மூச்சு இழுக்கத் தெரியாது. இழுக்கும் ஸ்ட்ரோக்கே இல்லை. யாராவது ஊதிக் கொடுக்க வேண்டும். ஓடும்போது ஊதுவது டர்போசார்ஜர்: வெளியேறும் புகை ஒரு டர்பைனைச் சுற்ற, அதே தண்டில் இருக்கும் கம்ப்ரஸர் காற்றை இழுத்து அமுக்குகிறது. அமுங்கிய காற்று 150 டிகிரிக்கு மேல் கொதிக்கும், கூலர் வழியாகப் போய் 45 டிகிரி அளவுக்கு இறங்கும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதே இடத்தில் அதிகம் கொள்ளும். ஆனால் எஞ்சினைக் கிளப்பும்போதும் மெதுவாக ஓடும்போதும் டர்போவைச் சுற்றும் அளவுக்குப் புகை வராது. அதற்காக மின்சாரத்தில் ஓடும் ஆக்ஸிலரி புளோயர்கள் உண்டு. துறைமுகத்துக்குள் நுழையும்போது எஞ்சின் ரூமில் திடீரென்று "ஹூ" என்று ஓர் ஊளை எழுந்தால், அது புளோயர் தானாகக் கிளம்பிய சத்தம்.

எல்லாக் கப்பல் எஞ்சினும் முன்பு யூனிஃப்ளோ அல்ல. சுல்சர் கம்பெனியின் பழைய எஞ்சின்களில், உங்கள் பைக்கைப் போலவே, காற்றுக்கும் புகைக்கும் இரண்டுக்கும் லைனரில்தான் போர்ட். காற்று ஒரு வளையம் போட்டுத் திரும்பி வரும். எக்ஸாஸ்ட் வால்வே இல்லாததால் பராமரிப்பு குறைவு. ஆனால் ஸ்ட்ரோக் நீள நீள, அடியிலிருந்து கிளம்பிய காற்று உச்சிவரை போய்த் திரும்புவது நடக்கவில்லை, மேல் மூலையில் பழைய புகை தேங்கியது. 1980களின் தொடக்கத்தில் ஆர்டிஏ வரிசையோடு சுல்சரும் யூனிஃப்ளோவுக்கு வந்துவிட்டது.

இனி ஆயில் விஷயம். பதில் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும்: டீசலில் ஆயில் கலப்பதில்லை, ஆனால் உங்கள் டூ-டி ஆயில் போலவே போய் எரிகிற ஆயில் ஒன்று கப்பலிலும் இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள கிராஸ்ஹெட் என்ற அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். பைக்கில் பிஸ்டனில் பின் போட்டு நேராகக் கனெக்டிங் ராடை மாட்டுகிறோம். ராடு சாயும்போது பிஸ்டன் சுவரில் உரசுகிறது. கப்பலில் பிஸ்டனுக்கு அடியில் நேரான ஒரு பிஸ்டன் ராடு. அது கீழே கிராஸ்ஹெட் என்ற பெரிய குறுக்குக் கட்டையில் சேர்கிறது. அங்கிருந்துதான் கனெக்டிங் ராடு தொடங்குகிறது. பக்கவாட்டுத் தள்ளல் முழுவதையும் கிராஸ்ஹெட் தன் வழிகாட்டிப் பலகைகளில் வாங்கிக்கொள்கிறது. பிஸ்டன் நேராக ஏறி நேராக இறங்குகிறது. ராடு நேராகப் போய்வருவதால் நடுவில் ஒரு தளம் போட்டு, ராடு போகும் துளைக்கு ஸ்டஃபிங் பாக்ஸ் என்ற அடைப்பு வைத்து, மேலே சிலிண்டரையும் கீழே கிராங்க் கேஸையும் இரண்டு தனி அறைகளாகப் பிரித்துவிடலாம்.

இந்தப் பிரிவினைதான் கப்பல் எஞ்சினின் உயிர். ஏன் என்றால், எரிப்பது தார் போன்ற கனமான எண்ணெய். 130, 140 டிகிரிக்குச் சூடாக்கினால்தான் பீய்ச்சவே முடியும். அதில் கந்தகம் இருக்கிறது. எரிந்தால் கந்தக அமிலம். லைனர் சுவர் போதிய சூட்டில் இல்லாவிட்டால் அந்த அமிலம் பனித்துளிபோல் சுவரில் படிந்து இரும்பைத் தின்கிறது. அதனால் சிலிண்டருக்கென்று காரத்தன்மை உள்ள தனி ஆயில். லைனர் சுவரில் இருக்கும் குவில்கள் என்ற சிறு குழாய்கள் வழியாக, பிஸ்டன் ரிங் கடக்கும் நேரம் பார்த்து, துளித்துளியாகச் செலுத்தப்படும். அமிலத்தை முறித்துவிட்டு, கரியைச் சுமந்துகொண்டு, எரிந்தும் வழிந்தும் போய்விடும். திரும்ப எடுத்துப் பயன்படுத்த முடியாது. ஒரு கிலோவாட் மணிக்கு ஒரு கிராம் அளவு என்றாலும், 10,000 கிலோவாட்டில் ஓடினால் நாளுக்கு 240 கிலோ. கீழே கிராங்க் கேஸில் இருப்பது வேறு ஆயில். அது பேரிங்குகளுக்கு. அழுக்கு அதை எட்டாததால், சுத்திகரித்துக்கொண்டே பல ஆண்டுகள் அதே ஆயிலை ஓட்டலாம்.

சிலிண்டர் ஆயிலைக் குறைத்தால் லைனர் தேயும். கூட்டினால் நல்லதென்று நினைப்பீர்கள், அதுவும் இல்லை. முறிக்க அமிலம் இல்லாமல் மீந்த காரம், பிஸ்டனின் பக்கத்தில் வெள்ளையாகக் கல் மாதிரி படிந்து, அந்தக் கல்லே லைனரைச் சுரண்டும். 2020இல் கப்பல் எண்ணெயில் கந்தகம் 0.50 சதவீதத்துக்கு மேல் கூடாது என்ற விதி உலகம் முழுக்க வந்தபோது, அதுவரை ஊற்றிய கூடுதல் காரமுள்ள ஆயிலையே தொடர்ந்தவர்களுக்கு இந்தத் தொல்லை வந்தது.

எது சரியான அளவு என்பதை எந்த மீட்டரும் முழுதாகச் சொல்லாது. உள்ளே போய்க் கண்ணால் பார்க்க வேண்டும். மும்பைக்குப் பக்கத்தில் நவா ஷேவா துறைமுகத்தில் கப்பலைக் கரையோடு கட்டி நிறுத்தியதும், அங்கே அனுமதி வாங்கி, எண்ணெயை நிறுத்தி, ஸ்டார்ட்டிங் ஏர் வால்வை மூடிப் பூட்டு மாட்டி, எஞ்சினை மெதுவாகச் சுற்றும் டர்னிங் கியரை மாட்டிக்கொண்டு, ஸ்கேவெஞ்ச் பாக்ஸின் கதவைத் திறப்போம். சூடு தணியக் காத்திருந்து, உள்ளே ஆக்ஸிஜன் அளவு பார்த்துவிட்டு, குனிந்து தவழ்ந்து நுழைய வேண்டும். பாய்லர் சூட் அஞ்சு நிமிஷத்தில் வேர்வையில் ஒட்டிக்கொள்ளும். முட்டிக்குக் கீழே கருப்புக் களி. முகத்துக்கு நேரே லைனரின் போர்ட்டுகள், ஜன்னல் கம்பி இடைவெளி மாதிரி. வெளியே ஃபோர்த் எஞ்சினியர் டர்னிங் கியர் பட்டனை அழுத்த, அடியில் இருக்கும் பிஸ்டன் நத்தை வேகத்தில் மேலே ஏறும். முதலில் பிஸ்டன் தலை. பிறகு முதல் ரிங், இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. ஒவ்வொன்றும் ஜன்னலுக்கு வந்ததும் "நிறுத்து" என்று குரல் கொடுத்து, டார்ச் அடித்துப் பார்ப்போம். ஒரு மரக்குச்சியால் ரிங்கை உள்ளே அழுத்தினால் ஸ்பிரிங் மாதிரி திரும்பி வர வேண்டும். வராவிட்டால் கரியில் சிக்கிக்கொண்டது. ரிங் முகத்தில் செங்குத்தாகக் கருப்புக் கோடு ஓடினால் வாயு கசிகிறது. விரல் வைத்தால் ஆயில் பிசுக்கு மெல்லியதாக ஒட்ட வேண்டும். லைனர் பளபளவென்று இருந்தால் புதிதாய் வந்தவர்கள் சந்தோஷப்படுவார்கள். கண்ணாடிப் பளபளப்பு ஆபத்து, அந்தச் சுவரில் ஆயில் நிற்காது. நீங்கள் ஆர்எக்ஸ் எக்ஸாஸ்ட் போர்ட்டில் கரி சுரண்டும்போது ரிங்கை எட்டிப் பார்க்கிறீர்களே, அதே வேலைதான். அளவு மட்டும் வேறு.

அந்தக் கருப்புக் களிக்கு ஏன் பயப்படுகிறோம் என்று சொல்கிறேன். நான் செகண்ட் எஞ்சினியராக இருந்த ஒரு கப்பலில், மும்பையை விட்டு மூன்றாம் நாள், அரபிக்கடல் நடுவே, அதிகாலை வாட்ச் டியூட்டி. நாலாம் யூனிட்டின், அதாவது நாலாம் சிலிண்டரின், எக்ஸாஸ்ட் சூடு மெல்ல ஏறியது. ஃபியூல் வால்வில் கோளாறு என்று நினைத்தேன். பத்து நிமிடத்தில் அந்த யூனிட்டின் ஸ்கேவெஞ்ச் சூடும் ஏறி அலாரம் அடித்தது. கீழே ஓடிப் போய்ப் பார்த்தால், பாக்ஸின் வெளிப்பக்கப் பெயிண்ட் கொப்பளம் விட்டிருந்தது. உள்ளே தீ. வேகத்தைக் குறைத்து, நாலாம் யூனிட்டுக்கு எண்ணெயை நிறுத்தி, சிலிண்டர் ஆயிலை மட்டும் கூட்டி, கதவுப் பக்கம் யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டு, தீ தானாக அடங்கக் காத்திருந்தோம். திறந்தால் காற்று புகுந்து வெடிக்கும், கதவைத் தொடவே கூடாது. எஞ்சினை நிறுத்திப் பல மணி நேரம் ஆறவிட்டுத் திறந்து பார்த்தபோது இரண்டு ரிங் உடைந்திருந்தது. அதன் வழியே நெருப்பு இறங்கி, அடியில் தேங்கிய களியில் பற்றியிருக்கிறது. களி வழிந்து போக வேண்டிய டிரெயின் குழாய் கரியால் முழுக்க அடைபட்டிருந்தது. டிரெயினைத் தினமும் ஊதிப் பார்த்ததாக லாக் புக்கில் டிக் இருந்தது. அந்தப் பக்கங்களில் என் கையெழுத்தும் இருந்தது. அதற்குப் பின் எந்தக் கப்பலிலும், டிரெயின் வால்வைத் திறந்தால் குழாயில் காற்று வரும் சத்தம் என் காதில் விழாமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை.

கிளப்புவது எப்படி? இத்தனை பெரிய எஞ்சினைச் சுற்ற மோட்டார் வைத்துக் கட்டுப்படியாகாது. 30 பார் அழுத்தத்தில் தொட்டிகளில் சேர்த்து வைத்த காற்றை, இறங்கத் தயாராக இருக்கும் சிலிண்டருக்குள் நேரே விடுகிறோம். பிஸ்டனைக் காற்றே தள்ளிச் சுற்றும். வேகம் பிடித்ததும் எண்ணெய் விடப்படும். இந்த வகை எஞ்சினை, மறுபடி காற்று நிரப்பாமலே 12 முறை கிளப்பும் அளவுக்குத் தொட்டி இருக்க வேண்டும் என்பது விதி. ஏன் 12 என்றால், பின்னோக்கிப் போகவும் எஞ்சினை நிறுத்தி, எதிர்ப்புறமாகக் கிளப்ப வேண்டும். கியர் பாக்ஸ் கிடையாது, எஞ்சின் தண்டிலேயே புரொப்பல்லர். கப்பலைக் கரையணைக்கும்போது முன்னே, நிறுத்து, பின்னே என்று மாறி மாறி உத்தரவு வரும்.

எதிர்ப்புறமாக ஓடுவது டூ ஸ்ட்ரோக்கின் பிறவிக் குணம். பழைய ஸ்கூட்டரில் டைமிங் பிசகிக் கிக் திருப்பி அடித்தால் எஞ்சின் தலைகீழாக ஓடிய கதை உங்கள் கராஜில் கட்டாயம் நடந்திருக்கும். போர்ட் திறப்பதும் மூடுவதும் பிஸ்டன் அடிப்புள்ளிக்கு இருபுறமும் சமமாக இருப்பதால் எந்தத் திசையும் அதற்கு ஒன்றே. எம்சி எஞ்சினில் பின்னோக்கி ஓட ஃபியூல் பம்ப்பின் ரோலரை இடம் மாற்றி, ஸ்டார்ட்டிங் ஏர் வரிசையைத் திருப்பினால் போதும். எக்ஸாஸ்ட் வால்வைத் திறக்க வைக்கும் கேமைத் தொடவே வேண்டாம். பிறகு வந்த எம்இ வகையில் கேம் ஷாஃப்டே இல்லை, எண்ணெயும் வால்வும் கம்ப்யூட்டர் சொல்படி நடக்கின்றன.

மைலேஜ் அதிகம் என்றாரே மச்சான், அதற்கு வருவோம். இந்த எஞ்சின்கள் எண்ணெயில் உள்ள சக்தியில் பாதியைத் தண்டில் தந்துவிடுகின்றன. ஒரு கிலோவாட் மணிக்கு 170 கிராம் எண்ணெய் அளவு. இதற்குக் காரணம் நிதானம். நீளமான ஸ்ட்ரோக்கில் சுடுவாயு கடைசிவரை விரிந்து, தன்னால் ஆன வேலை அத்தனையும் செய்துவிட்டுத்தான் போகிறது. பெரிய சிலிண்டரில் கொள்ளளவோடு ஒப்பிட்டால் சுவரின் பரப்பு குறைவு, சூடு சுவர் வழியே அதிகம் வீணாவதில்லை. மெதுவாக ஓடுவதால் மட்டமான எண்ணெய்க்கும் எரிந்து முடிக்க நேரம் கிடைக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல், தண்ணீரில் பெரிய புரொப்பல்லரை மெதுவாகச் சுற்றுவதுதான் லாபம். பின்னால் வந்த ஜி வகை எஞ்சின்களில் ஸ்ட்ரோக்கை இன்னும் நீட்டி வேகத்தை இன்னும் குறைத்தது அதற்காகவே. ஜி80 வகையில் ஸ்ட்ரோக் 3,720 மில்லிமீட்டர், வேகம் 70 சுற்று வாக்கில்.

ஒரு கணக்கு சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. ஆர்எக்ஸ் 100இன் ஸ்ட்ரோக் 50 மில்லிமீட்டர். 7,500 சுற்றில் அதன் பிஸ்டன் சராசரியாக வினாடிக்கு 12.5 மீட்டர் ஓடுகிறது. எஸ்60எம்சியின் பிஸ்டன், 105 சுற்றில், வினாடிக்கு 8 மீட்டர். 2,700 குதிரையை இழுப்பது, உங்கள் பைக்கின் பிஸ்டனைவிட மெதுவாகப் போகிறது. வாரக்கணக்கில் நிற்காமல் ஓடுவதன் ரகசியத்தில் பாதி அதுதான். இந்த வம்சத்தின் ராட்சதன் என்றால், 2006இல் எம்மா மார்ஸ்க் கப்பலில் ஏறிய வார்ட்சிலா எஞ்சின். 14 சிலிண்டர், 960 மில்லிமீட்டர் போர், 80,080 கிலோவாட், எடை 2,300 டன். அதுவும் டூ ஸ்ட்ரோக், சுற்று 102.

டூ ஸ்ட்ரோக் டீசல் என்றால் கப்பல் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். நம் ரயில்வேயின் டபிள்யூடிஜி4, டபிள்யூடிபி4 டீசல் எஞ்சின்களுக்குள் இருப்பது ஜெனரல் மோட்டார்ஸ் வழி வந்த 710 வகை, 16 சிலிண்டர், 900 சுற்று வாக்கில், 4,000 குதிரைத்திறன். அதுவும் யூனிஃப்ளோதான்: அடியில் போர்ட், தலையில் நான்கு எக்ஸாஸ்ட் வால்வு. கிராஸ்ஹெட் இல்லை, பைக் போலச் சாதாரணப் பிஸ்டன். டர்போவைக் குறைந்த வேகத்தில் கியர் வைத்துக் கிராங்கே சுற்றும். புகை பெருகியதும் கிளட்ச் விடுபட்டு டர்போ தன்பாட்டில் ஓடும். கப்பலில் புளோயர் செய்யும் வேலையை அங்கே கியர் செய்கிறது. ஊருக்குப் போகும்போது பழைய ஆல்கோ வகை ரயில் எஞ்சினின் "டுக் டுக்" கேட்டிருப்பீர்கள், அது ஃபோர் ஸ்ட்ரோக். இது சீராக உறுமும்.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். அவ்வளவு சூட்டில் எரியும்போது காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்ஸைடாகிறது, அதை அடக்கத் தனிக் கருவிகள் வைக்க வேண்டியிருக்கிறது. உயரமும் எடையும் அதிகம், அதனால் பயணிகள் கப்பல்களில் பெரும்பாலும் ஃபோர் ஸ்ட்ரோக்தான். கப்பலில் மின்சாரம் தயாரிக்கும் ஜெனரேட்டர் எஞ்சின்களும் ஃபோர் ஸ்ட்ரோக்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எலிஃபெண்டா தீவுக்குப் போகும் போட்டில் ஏறுங்கள். வழியில் ஜவகர் தீவில் எண்ணெய்க் கப்பல் நிற்கும். கட்டியிருக்கும்போது அதன் புகைபோக்கியில் மெல்லிசாக வருவது ஜெனரேட்டர் புகை, பெரிய எஞ்சின் தூங்குகிறது. அதிர்ஷ்டம் இருந்தால் ஏதாவது கப்பல் கிளம்பும் நேரம் வாய்க்கும். முதலில் பொசுக்கென்று ஒரு கரும்புகை வரும். எண்ணெய் வந்துவிட்டது, டர்போ இன்னும் வேகம் பிடிக்கவில்லை, புளோயர் கொடுக்கும் காற்று போதவில்லை என்று அர்த்தம். சில நிமிடங்கள் பொறுத்துப் பாருங்கள், டர்போ எழுந்ததும் புகை வெளுத்துக் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும்.